காக்கையும் நாமும்

நம் நாட்டுப் பறவைகளுள் மயில் தோகையால் பெயர் பெற்றது. குயில் குரலால் பெயர் பெற்றது. கிளி நிறத்தாலும் மழலையாலும் மக்கள் மனத்தைக் கவர்ந்தது. காக்கைக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. அதன் நிறம் கருமை. அதன் குரல் கரகரப்பு. அதனைக் கூண்டில் அடைத்துப் பாராட்டி வளர்ப்பார் இல்லை. ஆயினும், பொழுது புலர்ந்ததும் நம் கூரையின்மீது அமர்ந்து நம்மை அழைக்கும் பறவை அதுவே. மயிலைக் காண நாம் சோலைக்குச் செல்லவேண்டும். காக்கையோ நம்மைக் காண நம் முற்றத்துக்கு வருகிறது. எளிதாகக் கிடைக்கும் பொருளின் அருமை எளிதில் தோன்றுவதில்லை என்பது உலக இயல்பு. நாள்தோறும் கண்ணிற் படும் இப்பறவையை நாம் நன்கு பார்த்ததுண்டா? உற்று நோக்கினால், அது நமக்குக் கற்பிப்பன சில உண்டு. நம்மைப் பற்றி நமக்கே உணர்த்துவனவும் சில உண்டு. அவற்றை இங்கே காண்போம்.

தமிழ்நாட்டின் வடகோடியில் அமைந்தது திருவள்ளூர் மாவட்டம். அது 1997-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கே திருத்தணிக் குன்றுகள் நிற்கின்றன. நடுவே, 1944-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் சென்னை மாநகரின் தாகம் தீர்க்கிறது. பொன்னேரிப் பக்கம் நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. கிழக்கே பழவேற்காடு ஏரி கடலோடு கைகோத்துக் கிடக்கிறது. வடக்கே, ஆந்திர எல்லைக்கு அருகில், கும்மிடிப்பூண்டியில் ஆலைகளின் புகைபோக்கிகள் வானை நோக்கி நிற்கின்றன. வயல், ஏரி, கடல், ஆலை என்னும் நான்கும் ஒரே மாவட்டத்தில் அடுத்தடுத்து அமைந்திருப்பது இந்நிலத்தின் தனிச்சிறப்பு.

குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்குப் பூநாரைகள் வருகின்றன. அவற்றைக் காண மக்கள் தொலைவிலிருந்தும் வந்து படகேறிச் செல்கின்றனர். காக்கையைக் காண எவரும் படகேறுவதில்லை. ஆனால், பூநாரை ஏரியை விட்டு வயலுக்கு வந்து வாழாது. வயற்பறவை ஆலைக்குச் செல்லாது. காக்கையோ நான்கு இடங்களிலும் வாழ்கிறது. உழவர் நிலத்தை உழும்போது, அதன் பின்னே நடந்து மண்ணிலிருந்து வெளிப்படும் புழுக்களைப் பொறுக்குகிறது. படகுகள் கரை சேரும்போது, வலையிலிருந்து சிந்தும் சிறுமீனுக்குக் காத்திருக்கிறது. சந்தையில் திரிகிறது. ஆலைத் தொழிலாளர் உணவுப் பாத்திரத்தைத் திறக்கும் வேளையை அறிந்து, அருகிலுள்ள மரக்கிளையில் வந்து அமர்கிறது. இடத்திற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் இத்திறமே காக்கையின் முதற் சிறப்பு.

நம் ஊர்களில் இருவகைக் காக்கைகள் உள்ளன. கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாகவும், ஏனைய பகுதிகள் கருநிறமாகவும் உள்ளது ஊர்க்காக்கை. இதனை மணிக்காக்கை என்றும் கூறுவர். உடல் முழுதும் கருநிறம் கொண்டு, பருத்த அலகும் தடித்த குரலும் உடையது அண்டங்காக்கை. அண்டங்காக்கை காட்டிலும் வாழும்; ஊரிலும் வாழும். ஊர்க்காக்கையோ மனிதர் குடியிருக்கும் இடத்திலன்றிப் பிறவிடத்தில் வாழ்வதில்லை. மக்கள் ஒரு புதிய ஊரை அமைத்தால், அங்கே அதுவும் குடியேறுகிறது. 1817-ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயர் சூட்டிய பிரெஞ்சு அறிஞர் வியெயோ என்பவர், 'ஒளிவீசுவது' என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லை இதற்கு வழங்கினார். காலைவெயிலில் காக்கையின் இறகைப் பாருங்கள். கருமைக்குள் நீலமும் ஊதாவும் பச்சையும் மின்னுவதைக் காணலாம். அழகில்லாத பறவை என்று அதனை ஒதுக்கியவர் அதனை நன்கு பாராதவரே.

காக்கை கூடு கட்டும் காலம் பெரும்பாலும் சித்திரை முதல் ஆனி வரையுள்ள கோடைக்காலமாகும். உயர்ந்த மரத்தின் கவட்டையில் சுள்ளிகளை அடுக்கி மேடை அமைக்கும். அதன் நடுவே குழிவான இடத்தில் தேங்காய்நார், மயிர், கந்தல் முதலிய மெத்தென்ற பொருள்களைப் பரப்பும். மூன்று முதல் ஐந்து முட்டைகள் வரை இடும். அவை இளம்பச்சை கலந்த நீலநிறத்தில், பழுப்புப் புள்ளிகளும் கீற்றுகளும் கொண்டிருக்கும். ஏறக்குறைய 16 அல்லது 17 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். தாயும் தந்தையும் மாறிமாறி இரை கொணர்ந்து ஊட்டும். மூன்று அல்லது நான்கு வாரங்களில் குஞ்சுகள் பறக்கத் தொடங்கும்.

மரங்கள் குறைந்து ஆலைகள் பெருகிய ஊரில் காக்கை என்ன செய்கிறது? கும்மிடிப்பூண்டியில் அரசின் சிப்காட் நிறுவனம் அமைத்த தொழிற்பேட்டை உள்ளது. அங்குள்ள ஆலைகளுள் இரும்பை உருக்கிக் கம்பிகளாக்கும் ஆலைகளும் உண்டு. இத்தகைய தொழிலூர்களில் கட்டுக்கம்பித் துண்டுகள் தெருவோரத்திலும் கிடக்கும். காக்கை அவற்றையும் விடுவதில்லை. சுள்ளிகளோடு கம்பிகளையும் சேர்த்துக் கூடு கட்டுகிறது. சிலவேளைகளில் கூட்டின் பெரும்பகுதியும் கம்பியாகவே அமைந்துவிடுவதை நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் கண்டிருக்கின்றனர். கம்பி காற்றுக்கு ஒடிவதில்லை, மழைக்கு மட்குவதில்லை. 'சுள்ளி கிடைக்கவில்லையே' என்று காக்கை சோர்ந்திருப்பதில்லை. கிடைத்ததைக் கொண்டு தன் கடமையை முடிக்கிறது.

இம்முயற்சியின் பின்னே சிறந்த அறிவும் உண்டு. பானையின் அடியில் இருந்த நீரைக் கற்களை இட்டு மேலே வரச்செய்து பருகிய காக்கையின் கதையை நாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். அது கதை மட்டுமன்று என்பதை 2009-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர்கள் காட்டினர். காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ரூக் என்னும் பறவைகளின் முன்னே, பாதியளவு நீர் கொண்ட கண்ணாடிக் குழாயை வைத்தனர். நீரின்மேல் ஒரு புழு மிதந்தது. அலகுக்கு அது எட்டவில்லை. பறவைகள் அருகிலிருந்த கற்களை ஒவ்வொன்றாகக் குழாயினுள் இட்டன, நீர் உயர்ந்தது, புழுவைக் கவர்ந்தன. சிறு கற்களைக் காட்டிலும் பெரிய கற்கள் விரைவில் பயன்தரும் என்பதையும் அவை அறிந்துகொண்டன.

இதற்கு முன்னரே, 2002-ஆம் ஆண்டில், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் மற்றொரு வியப்பு நிகழ்ந்தது. பசிபிக் பெருங்கடலில் உள்ள நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்த பெட்டி என்னும் காக்கை அங்கே வளர்க்கப்பட்டது. குழாயின் அடியில் சிறு வாளி ஒன்றில் இறைச்சித் துண்டு வைக்கப்பட்டிருந்தது. நேரான கம்பி ஒன்று மட்டுமே அதற்குக் கிடைத்தது. பெட்டி அக்கம்பியின் நுனியை வளைத்துக் கொக்கியாக்கி, வாளியின் பிடியில் மாட்டி மேலே தூக்கியது. கையில்லாத பறவை ஒரு கருவியைச் செய்தது. நேரான கம்பியால் ஆகாததை வளைந்த கம்பியால் ஆக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதே அறிவு. பொருள் குறைந்திருக்கும் இடத்தில் எண்ணம் குறையாதிருக்க வேண்டும் என்பதே இப்பறவைகள் நமக்குத் தரும் பாடம்.

காக்கையின் கூட்டில் குயில் முட்டையிடும் செய்தி யாவரும் அறிந்ததே. பெண்குயில் காக்கை காணாத நேரம் பார்த்துக் கூட்டினுள் தன் முட்டையை இட்டுவிடும். குயில் முட்டை காக்கை முட்டைக்கு முன்னரே பொரிந்துவிடும். குயிற்குஞ்சு வாய் திறந்து கதறும்போது, காக்கை தன் குஞ்சுக்கு ஊட்டுவது போலவே அதற்கும் ஊட்டுகிறது. இதனைக் கண்டு காக்கையை அறிவிலி என்று நகைப்பவர் உண்டு. நாம் அவ்வாறு நகைக்க வேண்டுவதில்லை. பசித்த வாய் ஒன்று தன் கூட்டில் திறந்திருக்கக் கண்டால், அதனை நிரப்புவது காக்கையின் இயல்பு. ஏமாற்றியவர் மீது உள்ள குற்றத்தை ஏமாந்தவர் தலையில் சுமத்துதல் முறையன்று. குயிலின் இனிய பாட்டை விரும்பிக் கேட்கும் நாம், அப்பாட்டுக்குச் சோறிட்டு வளர்த்தது காக்கை என்பதை மறத்தலாகாது.

இனி, தமிழர் நெடுங்காலமாகக் காக்கையிடம் கண்டு போற்றிய பண்பை நோக்குவோம். ஒரு காக்கை சிறிதளவு சோற்றைக் கண்டால் மற்றக் காக்கைகளைக் கரைந்து அழைக்கிறது. அழைப்பைக் கேட்டு வந்தவை யாவும் கூடி உண்கின்றன. திருவள்ளுவர் இப்பண்பைச் 'சுற்றந்தழால்' என்னும் அதிகாரத்தில் எடுத்துக்காட்டினார். 'காலமறிதல்' என்னும் அதிகாரத்திலும் காக்கைக்கு இடம் தந்தார். காக்கை கரைந்தால் விருந்து வரும் என்னும் நம்பிக்கை சங்க காலத்திலேயே இருந்தது. அக்கருத்தை அமைத்துப் பாடிய பெண்பாற் புலவராகிய நச்செள்ளையாருக்குக் 'காக்கைபாடினியார்' என்னும் பெயரே நிலைத்தது. தம் பெயரில் அரசரையும் ஊரையும் தாங்கிய புலவர் பலர். காக்கையைத் தாங்கிய புலவர் இவர். இன்றும் தமிழ் இல்லங்களில் உண்பதற்கு முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கும் வழக்கம் உள்ளது.

ஆனால், மாணவர் ஒருவர் இங்கே ஓர் ஐயத்தை எழுப்பலாம். 'காக்கை உண்மையிலேயே ஈகைக் குணத்தால் தன் இனத்தை அழைக்கிறதா? ஒரு வடைத்துண்டு கிடைத்தால் அதனைக் கவ்விக்கொண்டு தனியே பறந்துவிடுகிறதே!' என்று அவர் கேட்கலாம். கேட்பது முறையே. சிறு துண்டு கிடைத்தால் காக்கை தனியே எடுத்துச் செல்வதும் உண்டு. உண்டது போக எஞ்சியதை ஓட்டிடுக்கிலும் மரப்பொந்திலும் மறைத்து வைப்பதும் உண்டு. கண்ணால் கண்டதை மறைத்துப் பாடம் கற்பிப்பது நல்ல கல்வி ஆகாது.

இவ்வினாவுக்கு விடை தேடிய அறிஞருள் ஒருவர் பெர்ண்ட் ஹைன்ரிக். அவர் 1980-களில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துக் குளிர்காடுகளில், காக்கைக் குலத்தின் பெரும்பறவையாகிய ரேவனை ஆராய்ந்தார். இறந்த விலங்கின் உடலைக் கண்ட இளம் ரேவன் ஏன் உரக்கக் குரல் கொடுத்து மற்றவற்றையும் அழைக்கிறது என்பது அவர் எழுப்பிய வினா. பல குளிர்காலங்கள் பனியில் காத்திருந்து அவர் விடை கண்டார். அவ்விடம் வலிமை மிக்க ஓர் இணைப் பறவைகளின் ஆட்சியில் இருக்கும். தனியே வந்த இளம் பறவையை அவை விரட்டிவிடும். பலவாகச் சேர்ந்து வந்தாலோ விரட்ட இயலாது. ஆகவே, பிறரை அழைப்பதனால் பிறருக்கும் உணவு கிடைக்கிறது. அழைத்த பறவைக்கும் உணவு கிடைக்கிறது. நம் ஊர்க்காக்கைக்கும் கூட்டத்தால் நன்மை உண்டு. பல கண்கள் சுற்றிலும் பார்த்திருக்கும்போது, பூனையோ பருந்தோ எளிதில் நெருங்க முடிவதில்லை.

இதனை அறிந்தபின் காக்கையின் பெருமை குறைந்துவிட்டதா? இல்லை, அதன் பாடம் இன்னும் தெளிவாகிறது. பிறருக்குக் கொடுப்பதனால் தமக்கு இழப்பு நேரும் என்று அஞ்சியே மனிதர் பலர் கையை மூடிக்கொள்கின்றனர். பகிர்ந்துண்பவன் இழப்பதில்லை, பாதுகாப்பைப் பெறுகிறான் என்பதைக் காக்கை காட்டுகிறது. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் தமிழ்நாட்டின் பல மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் வேலை செய்கின்றனர். வெவ்வேறு மொழி பேசுவோர் ஒரே மரநிழலில் அமர்ந்து உண்ணும்போது, ஒருவர் பாத்திரத்திலிருந்து மற்றவர் பாத்திரத்துக்குச் செல்லும் ஒரு பிடி சோறு, பல நாள் பேச்சால் உண்டாகாத உறவை உண்டாக்கிவிடும். பெரிய இயந்திரத்தின் அருகே வேலை செய்வோருக்கு, 'விலகி நில்' என்று உரிய நேரத்தில் குரல் கொடுக்கும் தோழன் உறவினனைப் போன்றவன் அன்றோ?

காக்கைகள் இடர்வந்த காலத்தும் ஒன்றுகூடுகின்றன. ஒரு காக்கைக்குத் தீங்கு நேர்ந்தால், நொடிப்பொழுதில் பல காக்கைகள் திரண்டு பெருங்கூச்சல் எழுப்புகின்றன. பகலில் வெளிப்பட்ட ஆந்தையைக் கண்டால் சூழ்ந்துகொண்டு விரட்டுகின்றன. இறந்த காக்கையைச் சுற்றி அவை கூடிக் கரைவதை நாம் பலமுறை கண்டிருப்போம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக அறிஞர்கள் 2015-ஆம் ஆண்டில் இதனைப் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டனர். இறந்த காக்கையைக் கையில் ஏந்தியவரைக் கண்ட காக்கைகள் கூடிக் கூச்சலிட்டன. அதன்பின் அவ்விடத்தில் இருந்த உணவை நெருங்கவும் தயங்கின. ஆகவே, அக்கூட்டம் வெறும் ஓலம் அன்று. 'இங்கே ஆபத்து உள்ளது' என்று இனத்தார் யாவரும் கற்றுக்கொள்ளும் பள்ளியுமாகும்.

அப்பல்கலைக்கழகத்திலேயே, ஜான் மார்ஸ்லஃப் என்னும் அறிஞரும் அவர் துணைவரும் 2006-ஆம் ஆண்டில் ஒரு முகமூடியை அணிந்து சில காக்கைகளைப் பிடித்து, அடையாள வளையம் இட்டு விடுவித்தனர். ஆண்டுகள் பல கடந்த பின்னும், அம்முகமூடியை அணிந்தவர் அவ்வழியே நடந்தால் காக்கைகள் சினந்து கரைந்தன. பிடிபடாத காக்கைகளும், பின்னர்ப் பிறந்த இளங்காக்கைகளும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. ஒருமுறை செய்த தீங்கு ஒரு தலைமுறையோடு மறைவதில்லை. நாம் கல்லெறிந்த காக்கை நம்மை மறந்திருக்கும் என்று எண்ணுதல் வேண்டா.

காக்கையின் நற்பண்புகளை மட்டும் கூறி, குறைகளை மறைத்தல் முறையன்று. காக்கை பிற பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் கவர்ந்து உண்ணும். கோழிக்குஞ்சைத் தூக்கிச் செல்லும். காயப் போட்ட வடகத்தைக் கொத்தும். இதனால் விளைந்த பெருந்துன்பம் ஒன்றும் உண்டு. 1890-களில் மலேயாவின் கிள்ளான் பகுதியில் காப்பித் தோட்டங்களைப் புழுக்கள் அழித்தன. அவற்றை ஒழிக்க இலங்கையிலிருந்து ஊர்க்காக்கைகளைக் கொண்டுசென்று விட்டனர். காப்பித் தோட்டங்கள் பின்னர் மறைந்தன. காக்கைகளோ பல்கிப் பெருகின. கீழை ஆப்பிரிக்காவிலுள்ள சான்சிபார் தீவுக்கும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், குப்பையை அகற்றும் என்று கருதி, இவற்றைக் கொண்டுசென்றனர். இவை கென்யா நாட்டின் கடற்கரையிலும் பெருகி, அந்நாட்டுச் சிறுபறவைகளை அழித்தன. 2024-ஆம் ஆண்டில் கென்ய அரசு 10 லட்சம் காக்கைகளை ஒழிக்கப்போவதாக அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. குற்றம் காக்கையினுடையதா? தன் வசதிக்காக ஓர் உயிரை அதற்கு உரியதல்லாத நிலத்தில் கொண்டு சேர்த்தவன் மனிதன். பின்விளைவை எண்ணாது செய்யும் செயல் நூறாண்டு கழித்தும் பழி தரும் என்பதற்கு இது சான்றாகும்.

தன் சொந்த நிலத்திலோ காக்கை பெருந்தொண்டு செய்கிறது. தெருவில் இறந்து கிடக்கும் எலி, சந்தையில் எஞ்சும் மீன்குடல், வீட்டார் வீசும் பழைய உணவு ஆகியவற்றை உண்டு இடத்தைத் தூய்மை செய்கிறது. ஊதியம் கேட்பதில்லை, விடுமுறை கேட்பதும் இல்லை. ஆயினும், அழுக்கை அகற்றுவதாலேயே அதனை அழுக்குப் பறவை என்கிறோம். இக்குற்றம் காக்கையளவில் நின்றுவிடவில்லை. அழுக்கை உண்டாக்குபவர் மதிப்புக்கு உரியவராகவும், அதனை அகற்றித் தெருவைத் தூய்மை செய்பவர் இழிவாகவும் எண்ணப்படுவது நம் சமுதாயத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் அநீதி. தூய்மை செய்வோரின் உழைப்பால் நோயின்றி வாழ்கின்றவர், அவர்களை வணங்காவிடினும் இகழாதிருத்தல் வேண்டும்.

தூய்மை செய்யும் பறவையை இழந்தால் என்ன நேரும் என்பதையும் நம் நாடு கண்டுவிட்டது. இறந்த கால்நடைகளை உண்டு வாழ்ந்த பாறுக்கழுகுகள் ஒருகாலத்தில் இந்தியா முழுதும் மிகுதியாக இருந்தன. அவற்றுள் வெண்முதுகுப் பாறு என்னும் இனம் 1992-க்கும் 2007-க்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்தது. கால்நடைகளின் வலிக்குத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, அவற்றின் உடலை உண்ட கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது என்பது 2004-ஆம் ஆண்டில் உலகுக்குத் தெரியவந்தது. 2006-ஆம் ஆண்டில் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவதைத் தடை செய்தது. ஆனால், அதற்குள் வானம் வெறுமையாகிவிட்டது. உண்ண ஆளில்லாது பிணங்கள் அழுகின, தெருநாய்கள் பெருகின. இருந்தபோது எவரும் போற்றாத பறவையின் பயன், அது மறைந்தபின்பே விளங்கிற்று.

காக்கை நமக்கு மற்றொரு காவலும் செய்கிறது. நாம் உண்பதன் மிச்சத்தை உண்டு, நாம் வாழும் இடத்திலேயே வாழ்வதால், நம் சூழலில் உண்டாகும் கேடு அதனை விரைவில் தாக்குகிறது. 1999-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் காக்கைகள் திரளாக மடிந்தன. அதே காலத்தில் மக்களிடையே பரவிய மூளைக்காய்ச்சலுக்கும் அதற்கும் காரணம் மேற்கு நைல் கிருமி என்னும் ஒன்றே என்பது ஆராய்ச்சியால் தெரியவந்தது. 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இராஜஸ்தானத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் காக்கைகள் இறந்தபோது, அவற்றைச் சோதித்துப் பறவைக் காய்ச்சல் பரவுவதை அறிந்தனர். ஆகவே, ஓரிடத்தில் பல காக்கைகள் இறந்து கிடப்பதைக் கண்டால், அவற்றைக் கையால் தொடுதல் கூடாது. கால்நடை மருத்துவமனைக்கோ ஆசிரியருக்கோ பெரியவர்க்கோ உடனே தெரிவித்தல் வேண்டும்.

இங்கே கும்மிடிப்பூண்டிக் காக்கையின் கம்பிக் கூட்டை மீண்டும் நினைவு கூர்வோம். அக்கூட்டைக் கட்டியது காக்கை. அதற்குப் பொருள் தந்தவர் நாம். நாம் எறிந்த கம்பி அதன் குஞ்சுக்குத் தொட்டிலாகிறது. அதே கம்பிக்கூடு மின்கம்பத்தில் அமைந்தால், மின்சாரம் பாய்ந்து பறவையும் மடியலாம். ஊரும் இருளில் மூழ்கலாம். நாம் வைத்த சோறு அதற்கு உணவாகிறது. அச்சோற்றைக் கட்டி எறிந்த நெகிழிப்பை அதற்கு நஞ்சாகலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாட்டு அரசு 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. சட்டம் தெருவரை வரும். அதனை வீட்டுக்குள் கொண்டுவருவது நம் கடமை. ஆலைகளும் தொழில்களும் நாட்டுக்கு இன்றியமையாதவை. அவற்றால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. ஆயினும், ஆலைக்கழிவை உரியவாறு தூய்மை செய்யாது நீரிலும் நிலத்திலும் விட்டால், அதனை முதலில் அருந்துவது பறவை, அடுத்து அருந்துவது நம் வீட்டுப் பசு, அதற்கடுத்து நாமே.

எதை எறிகிறோம் என்பதில் ஒருவனுடைய பண்பு வெளிப்படும். ஓர் ஊரின் செல்வத்தை அதன் மாளிகைகளைக் கண்டு அறியலாம்; அதன் ஒழுக்கத்தையோ அங்குள்ள காக்கையின் கூட்டையும் உணவையும் கண்டே அறியலாம். அப்பறவை நம் வாழ்வோடு தன் வாழ்வைப் பிணைத்துக்கொண்டது. ஆதலின், அது நம் முன்னே பறந்து திரியும் ஒரு கண்ணாடி எனலாம்.

மாணவர்களே! வைகறையில் எழுதல், கிடைத்ததைக் கொண்டு முயலுதல், இடர்க்காலத்தில் ஒன்றுகூடுதல், உற்றதை நினைவில் வைத்தல், பகிர்ந்து உண்ணுதல் ஆகியவற்றைக் காக்கையிடம் கற்றுக்கொள்வோம். பிறர் பொருளைக் கவர்தலை அதனிடம் கல்லாது விடுவோம். கற்பனவற்றைக் கற்று, கல்லாதனவற்றை விடுத்தலே கல்வியின் பயன். நாளைக் காலையில் உங்கள் முற்றத்தில் ஒரு காக்கை வந்து கரையுமாயின், அதற்கு ஒரு பிடி சோறு வையுங்கள். அச்சோற்றை நெகிழித்தாளில் வைக்காது இலையில் வையுங்கள். வெயிற்காலமாயின் அருகே ஒரு சிறு மண்சட்டியில் நீரும் வையுங்கள். அது தன் இனத்தை அழைத்து உண்பதைச் சற்றே நின்று பாருங்கள்.

பயிற்சி

1. ஊர்க்காக்கைக்கும் அண்டங்காக்கைக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. காக்கை தன் இனத்தை அழைத்து உண்பதற்கு அறிஞர் கண்ட காரணம் யாது? அதனால் காக்கையின் பெருமை குறையவில்லை என்பதை விளக்குக.
3. கிள்ளானிலும் கென்யாவிலும் நிகழ்ந்தவற்றால் நாம் அறியும் உண்மை யாது?
4. பாறுக்கழுகுகள் மறைந்ததன் காரணத்தையும் விளைவையும் எழுதுக.
5. 'காக்கை நம் முன்னே பறந்து திரியும் ஒரு கண்ணாடி.' இக்கூற்றின் பொருளை உங்கள் ஊரில் நீங்கள் கண்டவற்றைக் கொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
6. ஒரு வார காலம் உங்கள் வீட்டருகே வரும் காக்கைகளைக் கவனித்து, அவை வரும் நேரம், எண்ணிக்கை, உண்ணும் பொருள் ஆகியவற்றைக் குறித்து வருக.